மீராசா மருந்து போடாத தடாகம்

கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகச் சொல்வார்கள். றிபாஸ் அதற்கும் மேலே போனான். சாய்ந்தமருதில், கடல் இரைவது காதில் விழுகிற தூரத்தில், வீட்டுக்குள்ளேயே நீச்சல் தடாகம் கட்டினான். யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருடம் அது. சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஊரெல்லாம் சீமெந்து மணக்கத் தொடங்கியிருந்த காலம். "காசு கூடினாக் கடலையும் வீட்டுக்குள்ள எடுக்கத் தோணும்" என்று தேத்தண்ணிக் கடைகளில் கதைத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. காரணம் தெரிந்துகொண்டே அப்படிக் கதைத்த இரண்டொருவருக்கு நான் இன்றைக்கும் முகம் கொடுப்பதில்லை.

காரணம் றிபாஸின் தங்கை பஸ்மினா. சுனாமி வந்த அன்று மதில் ஒன்று அவள் இடுப்பின் மேல் விழுந்தது. பதினேழு வயது அப்போது. அம்பாறை ஆஸ்பத்திரியிலும் கண்டியிலுமாகப் பல மாதங்கள் படுத்துக் கிடந்து, ஒரு கைத்தடியோடு திரும்பி வந்தாள். வருடங்கள் போகப் போக நல்லாகும் என்று பார்த்தால் கால் மெலிந்துகொண்டே போனது. கண்டி டாக்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: தினமும் நெஞ்சளவு தண்ணீருக்குள் நடக்க வேண்டும், தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், கால் மெல்ல மெல்லப் பலப்படும். இல்லையென்றால் கொஞ்ச காலத்தில் சக்கர நாற்காலிதான், அதிலிருந்து எழும்ப முடியாது.

நெஞ்சளவு தண்ணீருக்கு எங்கே போவது? கடலை அவள் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு திரும்பிப் பார்த்ததில்லை. ஆற்றிலும் வாய்க்காலிலும் வயது வந்த பெண் பிள்ளை ஊர் பார்க்க இறங்கி நடக்க முடியுமா? அதனால்தான் தடாகம், அதனால்தான் அதற்கு நான்கு சுவர், கூரை, வாசலில் தடித்த திரை. அரிசி ஆலை வைத்திருக்கிறவன், கட்டினான். இல்லாதவன் என்ன செய்திருப்பான் என்று என்னைக் கேட்காதீர்கள். இல்லாதவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் நாற்காலியில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது மீராசாவின் கதை.

என் பெயர் ஸைனுலாப்தீன். கல்முனையில் தண்ணீர் மோட்டரும் பைப்பும் விற்கிறவன். மீராசா என் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் இருந்துகொண்டு பழுதான மோட்டர்களைத் திருத்துகிறான். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறான். கரண்ட் போனதற்கு என்னை ஏசிக்கொண்டிருக்கிறான். உயரமான ஆள். நடந்தால் எங்கேயோ தூரத்தில் இருந்து இப்போதுதான் வந்து சேர்ந்தவன் மாதிரி இருக்கும். எதைக் கேட்டாலும் முதலில் ஒரு பெருமூச்சு, பிறகுதான் பதில். பழகாதவர்கள் அவனைச் சோம்பேறி என்று நினைப்பார்கள். சோம்பேறி இல்லை. களைத்துப் போனவன். இரண்டும் ஒன்றில்லை என்பது எங்கள் ஊரில் கொஞ்சப் பேருக்குத்தான் விளங்கும்.

இளமையில் கட்டாருக்குப் போனான். அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் நீச்சல் தடாகங்களைச் சுத்தம் செய்கிற வேலை கிடைத்தது. தண்ணீரைச் சோதிப்பது, குளோரின் மருந்தை அளந்து போடுவது, அடியில் படிந்ததை உறிஞ்சி எடுப்பது. "பத்து வருசம் அந்தத் தண்ணிக்குப் பக்கத்தில நிண்டன் காக்கா. ஒரு நாளும் இறங்கல்ல. வேலைக்காரன் இறங்கினா அண்டைக்கே டிக்கெட்டு" என்பான், அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்று கூப்பிட்டு. வருமானத்தில் சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கமாக இரண்டு அறையில் ஒரு வீடு கட்டினான். அந்த வீட்டில் மனைவி றாபியாவும் மகள் முனவ்வறாவும் இருந்தார்கள். முனவ்வறாவைக் காலையில் ஓதப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போகிறவள் பக்கத்து வீட்டுப் பெரிய பிள்ளை. அதுதான் பஸ்மினா.

கடல் வந்தபோது மீராசா கட்டாரில் இருந்தான். அவன் ஊருக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வீடு இருந்த இடத்தில் சமையலறைத் தரை மட்டும் கிடந்தது. றாபியாவையும் முனவ்வறாவையும் மற்றவர்களோடு சேர்த்து மையவாடியில் அடக்கிவிட்டார்கள். எந்தக் குழி என்று சரியாகச் சொல்ல ஆளில்லை. தோண்டியவர்களே பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளை அடக்கியவர்கள், யார் எதை நினைவு வைத்திருப்பது? மணலெல்லாம் வெள்ளையாக பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தார்கள். நானும் அவனும் போய் நின்றோம். முகத்தையும் காண முடியாமல், தோளும் கொடுக்க முடியாமல் போனவனுக்கு மனைவியிடமும் பிள்ளையிடமும் இருந்து கடைசியாகக் கிடைத்தது அந்தப் பவுடர் மணம்தான். துஆக் கேட்கக் கைகளை உயர்த்தினான், மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே திரும்பி நடந்தான்.

அந்த மணம் அவனை விடவில்லை. ஊர்க் கிணறுகளில் எல்லாம் கடல் தண்ணீர் நிறைந்து கிடந்தது. உதவி நிறுவனங்கள் கிணறு இறைத்து அதே பவுடரை மருந்தாகப் போட ஆள் தேடின. மருந்தின் அளவு தெரிந்தவன் ஊரில் மீராசாதான். மறுக்கவில்லை. சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றான். ஒரு வருடத்துக்கும் மேலாகக் கிணறு கிணறாக இறங்கி ஏறினான். "மருந்துக்கார மீராசா" என்று பட்டம்கூட வைத்தார்கள். ஒவ்வொரு வீட்டு வளவிலும் வேலை முடிந்ததும் கைகழுவத் தேசிக்காய் கேட்பான், எலுமிச்சைப் புளிப்புக்குத்தான் அந்த மணம் போகும் என்று. பாதியாக வெட்டி உள்ளங்கை, நகக்கண், மணிக்கட்டு என்று தேய்ப்பான். அப்படியும் அந்தக் கையால் சோறு பிசைய மாட்டான், கரண்டியால் சாப்பிடுவான். கிணறுகள் முடிந்த அன்று, இனிச் சாகும்வரை அந்தப் பொடியைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டு என் கடைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தவன்தான்.

அவனிடம்தான் றிபாஸ் வந்து நின்றான். கொழும்புக் கம்பனி ஒன்று கொடுத்த வண்ணப் புத்தகம் கையில்.

"மீராசா காக்கா, தண்ணி கெடாம இரிக்கிறத்துக்கு மெசின் ஒண்டு எடுக்கணுமாம். உப்பு மெசின்தான் இப்ப எல்லாரும் போடுறாங்களாம். மருந்து தேவையில்லையாம், கண்ணும் எரியாதாம்."

மீராசா பெருமூச்சு விட்டான். "உப்பு மெசினும் உப்புல இருந்து குளோரினைத்தான் தம்பி எடுக்கும். ஆள் அதேதான், சட்டை வேற. ஆனா மணம் குறைவு. தோலுக்கு நல்லம்."

"அப்ப அதையே எடுப்பமா?"

"தண்ணிக்குள்ள உப்பைப் போடோணும். வாயில பட்டாத் தெரியும்."

றிபாஸுக்கு விளங்கவில்லை. மீராசா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: "அந்தப் புள்ள கடைசியா உப்புத் தண்ணி குடிச்சது எப்ப எண்டு யோசிச்சுப் பாரு."

றிபாஸ் புத்தகத்தை மூடினான். இதுவரை எந்த வேலைக்கும் கடையை விட்டு வெளியே போகாத மீராசா, "வாளியும் பேசினும் எடுத்து வையுங்க, நாளைக்கு வாறன்" என்று தானாகச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம். பிறகு நினைத்தேன், முனவ்வறாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளையல்லவா?

மறுநாள் நானும் போனேன். தடாக அறை வாசலில் திரை தொங்கியது. திரைக்கு உள்ளே பஸ்மினா. வெளியே நாங்கள் மூன்று ஆண்கள். இரண்டுக்கும் நடுவே அவளுடைய உம்மா, பெயர் சித்தி லைலா. அக்கா முறையில் லைலா ராத்தா என்றுதான் நான் கூப்பிடுவது. மீராசா முதல் பேசினில் மெசினுக்கு வேண்டிய அளவு உப்பைக் கரைத்தான். கண்ணீரில் உள்ளதைவிடக் குறைவான உப்பு. ராத்தா அதை உள்ளே கொண்டு போனார். பிறகு துப்புகிற சத்தம், ஓங்கரிக்கிற சத்தம். ராத்தா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"வேணாமாம். கடலாம்" என்றார்.

இரண்டாவது பேசினுக்கு மருந்துத் தூள். மீராசா தூள் உறையை வெட்டினான், ஒரு சிட்டிகை போட்டான், குச்சியால் கலக்கினான். பேசினைத் தூக்கியவன் அப்படியே நின்றான். ராத்தா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், அவன் கொடுக்கவில்லை. திரும்பி முற்றத்துக்கு நடந்து, முருங்கை மரத்தடியில் பேசினைக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

"இது வேணாம் ராத்தா. புள்ளைக்கு இந்த மணம் ஏலாது. அந்த நாளையில மையவாடியெல்லாம் இதுதான். தண்ணிக்கு இறங்கிற புள்ளைக்கு அத நெனப்பூட்டக் கூடாது."

"ஓம் தம்பி, அது என்னெண்டு தாங்கும்?" என்று ராத்தா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். றிபாஸ் தலையைக் குனிந்துகொண்டான். நானும் சரிதான் என்று தலையாட்டினேன். திரைக்குப் பின்னால் இருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. வருமா என்று யாரும் பார்த்துக்கொண்டு நிற்கவுமில்லை. எங்கள் வீடுகளில் பெண் பிள்ளையிடம் கேட்க வேண்டியதை உம்மாவிடம் கேட்போம், உம்மா பதில் சொன்னால் பிள்ளை சொன்ன மாதிரி. மரியாதை என்றுதான் அதற்குப் பெயர்.

தேசிக்காய் கேட்டான் மீராசா. நெடுநேரம் கை கழுவினான்.

இனி என்ன செய்வது? றிபாஸ் ஒரு வழி கண்டுபிடித்தான். மெசினும் வேண்டாம், மருந்தும் வேண்டாம், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டுக் கிணற்றில் இருந்து புதுத் தண்ணீர் நிரப்பிவிடலாம். கிணறு வளவுக்குள்ளேயே இருக்கிறது, பெரிய மோட்டராகப் பார்த்து நான் விற்றால் சரி. எனக்கும் யோசனை பிடித்திருந்தது. மீராசா ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ட வளவு, என்ட கிணறு, நீங்க ஏன் காக்கா மறிக்கிறீங்க?" என்றான் றிபாஸ்.

"வளவு உன்ட. கிணறும் உன்ட. தண்ணி உன்ட இல்ல தம்பி." மீராசா கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தான். "இந்த மணலுக்குக் கீழ கொஞ்சம்போல நல்ல தண்ணி மிதக்கிது. அதுக்குக் கீழ முழுக்கக் கடல்தான். மெதுவா அள்ளினா நல்ல தண்ணி. மோட்டரப் போட்டு இழுத்தாக் கடல் ஏறி வரும். சுனாமிக்குப் பொறகு ஒரு ஒழுங்கையில, உப்புப் போகட்டும் போகட்டும் எண்டு என்னை வெச்சு இறைச்சிக்கிட்டே இருந்தாங்க. இறைக்க இறைக்க உப்புக் கூடின. அந்தச் சனம் ரெண்டு வருசம் பவுசர் லொறியில வாற தண்ணிக்கு வாளியத் தூக்கிட்டு நிண்டிச்சி. இன்னொரு ஒழுங்கைக்கு அந்தப் பாவத்தைச் செய்ய என்னால ஏலா."

றிபாஸ் மோட்டர் கதையை விட்டுவிட்டான். கோபம்தான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் சொந்தக்காரர்கள். அவர்கள் கிணற்றில் உப்பு ஏறினால் நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டியவன் அவன்தானே.

கடைசியில் மீராசாவே ஒரு வழி சொன்னான். புற ஊதாக் கதிர் விளக்கு. தண்ணீர் ஓடுகிற குழாய்க்குள் அந்த விளக்கு எரிந்துகொண்டிருக்கும், கடந்து போகிற கிருமியெல்லாம் சாகும். உப்பில்லை, மணமில்லை. கொழும்பில் இருப்பில் கிடையாது, வெளிநாட்டில் இருந்து கப்பலில் வர வேண்டும். றிபாஸ் உடனே கம்பனிக்கு ஓடர் சொல்லிவிட்டான். எல்லாரும் சந்தோசப்பட்டோம்.

கடைக்குத் திரும்பும் வழியில் நான் கேட்டேன்: "விளக்கு மட்டும் போதுமாடா?"

நடந்துகொண்டே பதில் சொன்னான். "விளக்கு குழாய்க்குள்ள போற தண்ணியத்தான் பாக்கும் காக்கா. வெளிய நிக்கிற தண்ணிக்கு ஆரு காவல்? கொஞ்சமாவது மருந்து போடத்தான் வேணும்."

"அப்ப அவங்களுக்கு ஏன் சொல்லல்ல?"

"முதல்ல விளக்கு வரட்டும்."

விளக்கு வரவில்லை. கப்பல் தாமதம், துறைமுகத்தில் தாமதம், கம்பனிக்காரன் டெலிபோன் எடுப்பதில் தாமதம். இதற்கிடையில் எங்காவது கசிகிறதா என்று பார்க்கத் தடாகத்தில் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். இறைத்து வீணாக்கக் கூடாது என்று மீராசாவே சட்டம் போட்டிருந்தபடியால் அது அப்படியே நின்றது. மூடின அறைக்குள் ஈரமும் மணமும் தேங்கும் என்று உயரத்தில் சுவரை உடைத்து இரண்டு ஜன்னல் வைத்தான். தலையில் எண்ணெயோடு யாரும் கால் வைக்கக்கூடாது என்று சொன்னான். வேலைகளையெல்லாம் செய்தான். செய்ய வேண்டிய ஒரு வேலையைத் தவிர.

அது டெங்குக் காலம். சுகாதாரப் பரிசோதகர் வளவு வளவாக ஏறி இறங்கி, நிற்கிற தண்ணீரில் புழு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். லைலா ராத்தாவுக்குப் பயம். அவர் எங்கள் ஊர் வழக்கப்படி செய்தார். கிணற்றுக்கு என்ன செய்வோம்? மீன் விடுவோம், அது புழுவைத் தின்னும். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கிற ஹவுழ்த் தொட்டியிலும் மீன்தானே நீந்துகிறது. மோதினாரிடம் சொல்லி அந்த ஹவுழில் இருந்து ஒரு வாளிக் குட்டி மீன்களைக் கொண்டுவந்து தடாகத்தில் விட்டுவிட்டார். தடாகமும் ஒரு பெரிய ஹவுழ் என்பது அவர் கணக்கு.

மீராசா அடுத்த முறை போனபோது மீன்களைக் கண்டான். மீன் இருக்கிற தண்ணீரில் மருந்து போட முடியாது, போட்டால் செத்து மிதக்கும். அதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கென்னவோ அவனுக்கு அது வசதியாகப் போய்விட்டது என்றுதான் பட்டது.

ஒரு நன்மை நடந்தது. பஸ்மினா மீன்களுக்கு றொட்டித் துண்டு போட வரத் தொடங்கினாள். முதலில் திரையோடு நின்று எறிந்தாளாம். பிறகு முதல் படியில் உட்கார்ந்தாளாம். பிறகு ஒரு நாள் பாதத்தைத் தண்ணீரில் வைத்தாளாம். லைலா ராத்தா கடைக்கு வந்து இதைச் சொன்னபோது மீராசா மோட்டரைத் திருத்திக்கொண்டிருந்தவன் நிமிரவேயில்லை, ஆனால் கையில் இருந்த திருகுசாவி சுற்றுவதை நிறுத்திவிட்டது.

பாதம் நனைந்தால் போதுமா? கண்டிக்குப் போய் வந்தார்கள். டாக்டர் காலை அளந்து பார்த்துவிட்டு ஏசியிருக்கிறார். தடாகம் கட்டியும் பிள்ளையை ஏன் இறக்கவில்லை, தசை உருகிக்கொண்டு வருகிறது, இன்னும் பிந்தினால் தண்ணீரும் உதவாது. றிபாஸ் கண்டியிலிருந்து ஓட்டி வந்த வானை வீட்டுக்கு விடாமல் நேரே என் கடைக்கு விட்டான். பட்ட காலிலே படும் என்பது அந்தப் பிள்ளையின் விசயத்தில் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

"விளக்கு விளக்கு எண்டு என்ட தங்கச்சிட காலைத் தின்னுறீங்க. ஏலாட்டி ஏலா எண்டு சொல்லுங்க, நான் வேற ஆளைப் பாக்கன்" என்றான். மூத்தவனிடம் அவன் குரலை உயர்த்தியதை நான் அன்றுதான் கண்டேன். மீராசா பெருமூச்சுகூட விடவில்லை.

அந்தக் கிழமை விளக்கு வந்து சேர்ந்தது. மீராசா ஒரே மூச்சில் பூட்டி முடித்தான். குழாய்க்குள் விளக்கு எரிந்தது, தண்ணீர் ஓடியது. மருந்து டின்னை ஒரு மூலையில் வைத்தான். மீன்களை எடுத்துவிட்டு நாளைக்கு மருந்து போடுகிறேன் என்றான். நாளை வந்தது. மீன் அள்ளக் கத்தா வலை கொண்டு வரவில்லை என்றான். அடுத்த நாள் தலையிடி என்றான். தடாகத்தின் மூலைகளில் பச்சை பிடிக்கத் தொடங்கியது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "உனக்கு ஏலாட்டி நான் போய்ப் போடுறன்டா" என்று சத்தம் போட்டேன். "அந்தப் புள்ளைக்கு மணம் ஏலாது காக்கா" என்றான். முகத்தைப் பார்த்தேன். சுனாமிக்குப் பிறகு மையவாடி வாசலில் நின்றபோது பார்த்த அதே முகம்.

மறுநாள் பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு ஓட்டோ ஒன்று கடைக்கு முன்னால் வந்து நின்றது. லைலா ராத்தா இறங்கினார், கையில் மூடி போட்ட வாளி. என் மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே ஹவுழ் மீன்கள், ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு.

"ஆரு புடிச்ச?" என்றேன்.

"புள்ளதான்." ராத்தாவுக்கு மூச்சு வாங்கியது. "நான் ளுகர் தொழுதிட்டு வாறன், புள்ள நெஞ்சளவு தண்ணிக்க நிக்கிறா. என்ட பழைய சீலைத் துண்டை ரெண்டு கையாலயும் விரிச்சிப் புடிச்சிக்கிட்டு மீனுக்குப் பொறகால நடக்கிறா. ஊண்டுற கம்பு கரையில கிடக்கிது. ஒரு சொல்லும் கதைக்கல்ல. எல்லாத்தையும் புடிச்சி முடிச்சிட்டுத்தான் ஏறின. இதப் பள்ளிக்குக் குடுக்கட்டாம். மீராசா காக்காவ மருந்து போட வரட்டாம்."

மூன்று பேரும் அதே ஓட்டோவில் போனோம். போகிற வழியில் வாளியை மோதினாரிடம் கொடுத்தோம். மீராசா என் பக்கத்தில் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திரைக்கு முன்னால் போய் நின்றதும் ராத்தா வழக்கம்போல நடுவில் நின்று, "மீராசா தம்பி வந்திரிக்கார் புள்ள" என்று தொடங்கினார். உள்ளே இருந்து, "நீங்க கொஞ்சம் இரிங்கம்மா, நான் கதைக்கன்" என்று குரல் வந்தது. தெளிந்த குரல். அதற்கு முன் அந்தக் குரலை நான் கேட்டதேயில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மீராசா காக்கா, மருந்து ஏன் போடல்ல?"

"அது புள்ள... அந்த மணம் ஒங்களுக்கு ஏலாது."

"எனக்கு ஏலாதெண்டு ஆரு சொன்ன?"

மீராசா என்னைப் பார்த்தான். நான் லைலா ராத்தாவைப் பார்த்தேன். ராத்தா திரையைப் பார்த்தார். யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. தன்னைப்போல் பிறரையும் நினை என்பார்கள், அவன் அப்படித்தான் நினைத்தான். நாங்கள் எல்லாரும் சேர்ந்து தலையாட்டினோம். கேட்க வேண்டியவளிடம் மட்டும் கேட்கவில்லை.

"உப்புத் தண்ணிதான் எனக்கு ஏலாது" என்றாள் பஸ்மினா. "அது வாய்க்குள்ள போனா, இன்னும் மதிலுக்குக் கீழதான் கிடக்கன் போல இரிக்கும். மருந்து மணம் அப்பிடி இல்ல காக்கா. அம்பாறை ஆஸ்பத்திரியில எனக்கு அறிவு வந்த நேரம் கண்ணும் தெரியல்ல, காதும் கேக்கல்ல. மணம் மட்டும்தான் வந்த. விடியச் சாமம் வராந்தா கழுவுறத்துக்கு அந்தத் தூளைக் கரைச்சி ஊத்துவாங்க. அந்த மணம் வந்தாப்போலதான் நான் மவுத்தாகல்ல எண்டு எனக்குத் தெரிஞ்ச. பொறகு எத்தனை மாசம், ஒவ்வொரு நாளும் அது வந்தாத்தான் இன்னொரு நாள் விடிஞ்சிரிக்கி எண்டு தெரியும். எனக்கு அது உயிர் தப்பின மணம்."

மேல் ஜன்னலால் வந்த வெயில் திரையின் மேல் பாதியில் கிடந்தது. அவளே மீண்டும் பேசினாள், இந்த முறை மெதுவாக.

"காக்கா, முனவ்வறாவையும் அவட உம்மாவையும் வெச்ச இடத்தில அதைத்தான் போட்டாங்க எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தொட ஏலாட்டி அளவைச் சொல்லுங்க. உம்மாவும் நானும் போடுறம். நீங்க வெளிய தூர நில்லுங்க."

மீராசா சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இத்தனை வருடத்தில் அவன் முன்னால் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நான் சொன்னதில்லை. அவன் மனம் நோகும் என்று ஊரே அந்தப் பெயரைப் பொத்தி வைத்திருந்தது. சாரன் நுனியை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். சத்தம் வராமல் இருக்கப் பார்த்தான், வந்தது. லைலா ராத்தாவும் அழுதார். நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கண் தெரியவில்லை.

பிறகு எழும்பினான். மூக்கைத் துடைத்தான்.

"அளவு நான்தான் புள்ள பாக்கணும். கூடினாத் தோலெரியும்" என்றான். "நீங்க அறைக்குப் போங்க."

கைத்தடி தரையில் ஊன்றி ஊன்றி உட்பக்கமாகப் போகிற சத்தம் கேட்டது. மீராசா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். நான் வாசலில் நின்று பார்த்தேன். தூரிகையால் பச்சையைத் தேய்த்தான், டின்னைத் திறந்தான், ஒரு வாளியில் கரைத்தான், ஓரமாக நடந்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன பழமொழியை அவனுக்காகத்தான் சொல்லி வைத்தார்கள் போல. மணம் எழும்பி வந்தது. அவன் மூக்கைப் பொத்தவில்லை. மோட்டரை ஓடவிட்டு, தண்ணீரைச் சின்னக் குப்பியில் எடுத்து நிறம் பார்த்தான். பிறகு மீண்டும் பார்த்தான். பொழுதுபட்டு மஃரிபு ஆவதற்கு முன்னால் இறங்கலாம் என்று ராத்தாவிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

நாங்கள் முற்றத்து மணலில் இரண்டு கதிரைகளில் உட்கார்ந்திருந்தோம். நேரம் போனது. உள்ளே தண்ணீர் சலசலத்தது. முதலில் நின்று நின்று, பிறகு ஒரே சீராக, ஒரு பக்கமிருந்து மறு பக்கம், மறு பக்கமிருந்து இந்தப் பக்கம். யாரோ ஆறுதலாக வீதியில் நடந்து போகிற மாதிரி.

"முனவ்வறாவ ஓதப் பள்ளிக்குக் கூட்டிட்டுப் போறது இவதான்" என்றான் மீராசா. எனக்குத் தெரியாத விசயம் மாதிரிச் சொன்னான். "ஒழுங்கையில தண்ணி நிண்டா இடுப்பில தூக்கிட்டுப் போவாவாம். றாபியா கடிதத்தில எழுதுவா."

"ஓம்" என்றேன்.

லைலா ராத்தா இரண்டு கோப்பை பிளேன்டீயும், ஒரு சின்னத் தட்டில் பாதியாக வெட்டிய தேசிக்காயும் கொண்டுவந்து வைத்தார். கிணறு இறைத்த காலத்தில் இருந்தே அவருக்கு அவன் வழக்கம் தெரியும். பக்கத்தில் கை கழுவ ஒரு செம்புத் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனார்.

மீராசா தேசிக்காயை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே கேட்கிற சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு அதைத் தேத்தண்ணிக்குள் பிழிந்து, அந்தக் கையாலேயே கோப்பையை எடுத்துக் குடித்தான்.